கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளைகள் வாட்டுக்குக் கோமாளியாகப் போக விரும்புகிறவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், நாடகமும் அரங்கியலும் படித்திருக்கிறீர்கள், கூட்டாளிகள் இரண்டு பேரோடு ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வாட்டுக்குக் கோமாளி வேடத்தில் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஆசை. உடுப்பும் முகப்பூச்சும் எப்படி இருக்க வேண்டும், என்ன விளையாட்டுக் காட்டலாம், இதால் உண்மையில் பிரயோசனம் உண்டா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாத நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது: வருத்தமாய்ப் படுத்திருக்கிற பிள்ளையின் கட்டிலுக்குக் கிட்டப் போக உங்களுக்கு அனுமதி தருவது யார்? பணிப்பாளரின் கடிதம் வாட்டு வாசல் வரைக்கும்தான் உங்களைக் கொண்டுபோய் விடும். அதற்கு அங்கால் பிள்ளைதான் அனுமதி தரவேண்டும். இதைச் சரியாக விளங்கிக்கொண்டால் உடுப்பும் விளையாட்டும் பாதிக்கு மேல் தாமாகவே முடிவாகிவிடும்.

வாட்டில் ஒரு பிள்ளையின் நாளை யோசித்துப் பாருங்கள். ஊசி வேண்டாம் என்று சொல்லி அழலாம், ஆனால் ஊசி நிற்காது. மருந்து கசக்கிறது என்று துப்பலாம், திரும்பவும் வாய்க்குள் வரும். இரத்தம் எடுப்பதும் எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவதும் அதைக் கேட்டு நடப்பதில்லை. அந்த நாளில் பிள்ளை "போ" என்று சொன்னால் உடனே போகக்கூடிய ஒரே ஆள் கோமாளி. ஆகவே ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பி, நீங்கள் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனால், வேலை நடந்துவிட்டது. அதன் சொல் ஒன்று செல்லுபடியாகியிருக்கிறது. சிரிப்பு வந்தால் அது மேலதிகம்.

பிரயோசனத்தைப் பற்றி. பயத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2020 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 24 ஆய்வுகளையும் 1,612 பிள்ளைகளையும் ஒன்றாக எடுத்துப் பார்த்த மீளாய்வு ஒன்று வந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னும் மற்ற மருத்துவச் செயல்களின்போதும் கோமாளிகள் கூட இருந்த பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது என்பதே அதில் வந்த பொதுவான முடிவு. வலி குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் வித்தியாசம் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆய்வுகள் பல சிறியவை. கோமாளி வந்தாரா இல்லையா என்பதைப் பிள்ளையிடமிருந்து மறைக்கவும் முடியாது. அதனால் எண்களை அளவோடு நம்புங்கள். நோய் கெதியாக மாறும், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று பெற்றோரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். இன்னொரு பக்கமும் உண்டு. 2005 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சத்திரசிகிச்சைக்குப் போகும் 40 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் பிள்ளைகளின் பயம் தெளிவாகக் குறைந்தது. ஆனாலும் தியேட்டர் ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலை குழம்புகிறது என்று சொல்லி அதைத் தொடர விரும்பவில்லை. பிள்ளைக்கு நல்லதாக இருந்தாலும் தாதியருக்கு இடைஞ்சலாக இருந்தால் இந்த வேலை நிலைக்காது.

கோமாளி என்றாலே எல்லாப் பிள்ளைக்கும் விருப்பம் என்பதும் சரியில்லை. 2008 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 4 முதல் 16 வயது வரையான 250க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆஸ்பத்திரிச் சுவர் அலங்காரம் பற்றிக் கேட்டபோது, கோமாளிப் படங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பெரிய பிள்ளைகள்கூடப் பயமாக இருக்கிறது என்றார்கள். 1986 இல் நியூயோர்க்கில் பிக் ஆப்பிள் சேர்க்கஸின் மைக்கல் கிறிஸ்ரென்சன் முறையாகத் தொடங்கி, 1991 இல் பிரான்சுக்கும் 1993 இல் சுவிற்சர்லாந்துக்கும் பரவிய இந்த வேலையில், முழு வெள்ளை முகமும் பெரிய சிவப்பு வாயும் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். முகபாவம் தெரியாத முகத்தைச் சின்னப்பிள்ளை நம்பாது.

அதனால் முகப்பூச்சு வேண்டாம். ஒரு சிவப்பு மூக்கு போதும். விரும்பினால் தண்ணீரில் கழுவுப்படும் நிறத்தால் கன்னத்தில் இரண்டு பொட்டு. கூத்துக்குப் பூசுகிற அரிதாரமும் முத்துவெள்ளையும் வாட்டுக்குள் வரவே கூடாது. அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த கனிமம். அதோடு எந்தப் பொடியும் வியர்வையில் உதிர்ந்து முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளையின் மூச்சுக்குள் போகும். மூக்கு கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். ஸ்பொஞ் மூக்கு கிருமியைப் பிடித்து வைத்திருக்கும். ஆளுக்கு ஒன்று, மாற்றிப் போடக்கூடாது. உடுப்பு கடையில் வாங்கத் தேவையில்லை. அப்பாவின் பழைய கோடு போட்ட சேட்டு, பொருந்தாத நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டி, கணுக்காலுக்கு மேல் நிற்கும் காற்சட்டை, இரண்டு நிறத்தில் காலுறை. கை முழங்கைக்குக் கீழே வெறுமையாக இருக்க வேண்டும்: மணிக்கூடு, மோதிரம், கோயில் நூல்கூட இல்லாமல். நூல் கட்டியிருந்தால் அன்றைக்கு அவிழ்த்து வைக்க முடியுமா என்று வீட்டில் முதலே கதைத்து முடிவெடுங்கள். பெரிய நீளச் சப்பாத்து போட்டால் சேலைன் தாங்கியில் தட்டும். வாசனைத் தைலம், பவுடர், உதிரக்கூடிய பாசிமணி, தொங்கும் நூல் எல்லாம் வெளியே. ஒருமுறை போட்ட உடுப்பை வீட்டுக்குப் போனவுடன் வெந்நீரில் தோய்த்து வெயிலில் காயப்போட்ட பிறகுதான் அடுத்த முறை போடலாம்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட "டொக்டர் கோமாளி" வெளிநாடுகளில் பிரபலம். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அழத் தொடங்கும் சின்னப்பிள்ளைகள் இருக்கிற வாட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. இதில் அனுபவசாலிகளிடையே இரண்டு கட்சி உண்டு. ஆனால் பையிலோ தொப்பியிலோ செஞ்சிலுவை போடக்கூடாது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அது ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட அடையாளம். இலங்கையிலும் 2006 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்துக்குள் வருகிறது.

இனி வன்னிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது. கட்டிலில் கிடக்கிற பிள்ளை போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தது. பக்கத்தில் கதிரையில் இருக்கிற அம்மாவோ அம்மம்மாவோ அப்படியில்லை. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியே ஷெல் வீச்சுக்குள் அகப்பட்டு நோயாளரை வெளியேற்ற வேண்டி வந்தது. சிலருக்கு ஆஸ்பத்திரி மணமே அந்த நாட்களைக் கொண்டுவரும். ஆகவே பலூன் வேண்டவே வேண்டாம். அது வெடிக்கும் சத்தம் ஒரு காரணம். கிழிந்த ரப்பர் துண்டு சின்னப்பிள்ளையின் தொண்டையை அடைக்கும், லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆபத்து என்பவை மற்றக் காரணங்கள். கோமாளிகள் வழமையாக வைத்திருக்கும், இழுக்க இழுக்கச் சுருதி இறங்குகிற விசிலையும் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சத்தம் எதைப் போல் இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விளையாட்டுத் துவக்கு, பச்சைப் புள்ளி உடுப்பு, சைரன் ஒலி, செத்து விழுந்து எழும்புகிற நடிப்பு, "எல்லாரும் படுங்கோ" என்று கத்துவது, எதுவும் வேண்டாம். பெருவிரலைக் கழற்றிக் காட்டுகிற சின்ன வித்தை உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கால் இழந்த அப்பா பார்வையாளர் நேரத்தில் ஊன்றுகோலோடு வந்து நிற்கக்கூடிய வாட்டில் அதைச் செய்ய முடியாது. நிலத்தில் கிடந்து எடுத்த மர்மமான தகரச் சாமானை வைத்து விளையாடுவதும் கூடாது. கண்டதைத் தொடாதே என்று பள்ளிக்கூடத்தில் கண்ணிவெடி விழிப்புணர்வில் படிப்பித்ததை நீங்கள் அழிக்கக்கூடாது. ரப்பர் பாம்பு, பாம்புக் கதை இரண்டும் வேண்டாம். வயல்வெளியில் முத்திரைப்புடையன் கடித்து வந்த பிள்ளை பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கலாம்.

என்ன கொண்டு போகலாம்? குறைவாக. துடைக்கக்கூடிய பிளாஸ்ரிக் பொருட்கள் இரண்டு மூன்று, ஒரு தொப்பி, வெள்ளைத் தாள் ஒரு கட்டு. துணிப் பொம்மையைக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோனால் கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகிறீர்கள். தாளில் மடித்த கப்பலோ தொப்பியோ என்றால் பிள்ளையிடமே விட்டுவிடலாம்; அதுதான் தாளின் பெரிய வசதி. சவர்க்கார முட்டை (சவர்க்கார நீர்க்குமிழி) ஊதுவது நல்லது, ஆனால் பிள்ளைக்கு ஒரு குச்சி, பகிர்ந்து ஊதக்கூடாது. சீமெந்துத் தரையில் வழுக்கும் என்பதால் கட்டிலுக்கு மேலே மட்டும், புண்ணுக்கும் கண்ணுக்கும் எட்டத்தில். ரொபி, பிஸ்கட், எதுவும் கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சைக்காகப் பட்டினி இருக்கிற பிள்ளை ஒரு பிஸ்கட் தின்றாலே மயக்க மருந்து கொடுப்பதை ஆறு மணித்தியாலமாவது தள்ளிப்போட வேண்டி வரலாம்.

கை கழுவுவது இந்த வேலையின் முதல் வித்தை. அற்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னும் பின்னும். வயிற்றோட்டப் பிள்ளையிடம் போய் வந்தால் சவர்க்காரம்தான். அந்தக் கிருமிகள் சிலவற்றை அற்ககோல் கொல்லாது. பிள்ளை பார்க்கும்படி கழுவுங்கள், ஒரு கை மற்றக் கையைக் கழுவ விடாமல் சண்டை பிடிக்கட்டும். முழு நேரமும் கழுவி முடியும். பிளாஸ்ரிக் சாமான்களை முடிவில் சவர்க்காரத்தால் கழுவி, 0.1 வீதக் குளோரின் நீரில் 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். 5 வீதப் பிளீச் என்றால் 20 மில்லிலீற்றரை 980 மில்லிலீற்றர் தண்ணீரில் கலக்க வேண்டும். தடிமன், காய்ச்சல், சத்தி, தோலில் கொப்புளம், இதில் ஒன்று உங்களுக்கு இருந்தால் அன்றைக்குப் போகக்கூடாது. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, கொப்புளிப்பானும் சின்னமுத்தும் உங்களுக்கு வந்ததா, ஊசி போட்டதா என்று முதலே பாருங்கள்.

அனுமதிக்கு, பெரிய ஆஸ்பத்திரி என்றால் பணிப்பாளருக்கு, சின்ன ஆஸ்பத்திரி என்றால் பொறுப்பு வைத்தியருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன செய்வீர்கள், என்ன செய்யமாட்டீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கட்டும், உங்களைத் தெரிந்த ஒருவரின் உறுதிக் கடிதமும் இணையுங்கள். பிள்ளைகளுக்குக் கிட்டப் போகிற அந்நியரை ஆஸ்பத்திரி விசாரிப்பது அதன் கடமை, அதில் மனம் நோகக்கூடாது. பிறகு பிள்ளை வைத்திய நிபுணரையும் வாட்டுப் பொறுப்புத் தாதியையும் தனித்தனியாகக் காண வேண்டும். தாதிக்கு விருப்பமில்லை என்றால் கடிதம் இருந்தும் பயனில்லை. கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: படம் எடுக்கமாட்டோம். வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் உதவி செய்தால் படம் கேட்பார்கள் என்பது உண்மை. சாமான்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், உங்கள் மூக்கைப் படம் எடுத்து அனுப்புங்கள். மருந்து ஏற்றுகிற கனுலாக் குழாய் குத்திய கையோடு கிடக்கிற பிள்ளையின் முகம் முகநூலுக்கு உரியதல்ல, தாய் சம்மதித்தாலும். சம்மதிக்காவிட்டால் திரும்பி வரமாட்டார்களோ என்று நினைத்துச் சம்மதிக்கிற தாய்மார் இருக்கிறார்கள்.

போகிற நாளில் காலைச் சுற்று முடிந்து, மதியப் பார்வையாளரும் போன பிறகு, பின்னேரம் இரண்டு மணியளவில் தொடங்குவது வசதி. வேடம் போடுவதற்கு முன் சாதாரண உடுப்போடு தாதியர் மேசைக்குப் போய், கட்டில் இலக்கப்படி கேட்டு எழுதுங்கள்: வயது, எப்படிக் கூப்பிடுவது, தொடக்கூடாத பக்கம், பட்டினியா, தொற்றுக்காகத் தனியே வைத்திருக்கிறதா, இன்றைக்குக் கெட்ட செய்தி கேட்ட குடும்பம் எது. மாரிக்காலத்தில் நுளம்பு வலைக்குள் கிடக்கிற டெங்குப் பிள்ளைகளை விசேடமாகக் கேளுங்கள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தெளிந்ததுபோல் தோன்றும், ஆனால் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். அந்த நேரம் எழும்பித் துள்ள வைக்கிற விளையாட்டு எதுவும் கூடாது. ஒக்சிசன் வைத்திருக்கிற, மூச்சு வாங்குகிற பிள்ளையைச் சிரிக்க வைக்கத் தெண்டிக்காதீர்கள், சிரிப்பு இருமலாகும். தையல் போட்ட வயிற்றுக்குச் சிரிப்பே வலி.

மூன்று பேரில் இரண்டு பேர் மட்டும் உள்ளே போங்கள். மூன்றாமவர் வாசலில் நின்று நேரத்தையும் வாட்டின் நிலைமையையும் பார்க்கட்டும், முறை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேர் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தனிக் கோமாளி பிள்ளையைப் பார்த்துத்தான் நடிக்க வேண்டும். பிள்ளை ஏதோ ஒரு பதில் தரவேண்டிய கட்டாயம் வந்துவிடும். இரண்டு பேர் தங்களுக்குள் கொழுவுப்பட்டால் பிள்ளை போர்வைக்குள்ளால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கலாம். இதற்குக் கூத்தில் கட்டியக்காரனும் பபூனும் பார்த்து வளர்ந்த உங்கள் கண்ணே போதும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலே ஆயிரம் பேருக்குக் கேட்கிற குரலும் வீச்சும் ஒரு கட்டிலுக்கு ஆகாது. குரலைக் காற்பங்காக்குங்கள், அசைவை அரைவாசியாக்குங்கள்.

கட்டிலடியில் நடப்பதைக் கிட்ட நின்று காட்டுகிறேன். ஆறு வயதுப் பிள்ளை, இடக்கையில் கனுலா. நீங்கள் கட்டிலில் இருந்து ஏழெட்டு அடி தள்ளி, பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து நிற்கிறீர்கள். "தம்பி, வரலாமோ?" கேட்டுவிட்டுக் காத்திருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணி. பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு அடி முன்னுக்கு. கண்ணை விலக்கினால் ஒரு அடி பின்னுக்கு. திரும்பவும் விலக்கினால் தொப்பியை எடுத்து வணங்கிவிட்டு அடுத்த கட்டிலுக்கு. பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால், தாள் தொப்பியைத் தலையில் வைக்கப் பாருங்கள், விழட்டும். குனிந்து எடுக்கப் போகும்போது உங்கள் காலே அதைத் தள்ளிவிடட்டும். மூன்று முறை இதே மாதிரி, அவசரப்படாமல். மூன்றாவது முறைக்குப் பிறகு உங்கள் கூட்டாளி பிள்ளையைப் பார்த்து, "இவருக்கு யாராவது சொல்லித் தாங்கோவன்" என்று மெல்லக் கேட்கட்டும். பிள்ளை கனுலா இல்லாத கையை நீட்டிக் காட்டும். நீங்கள் அதைப் பிழையாக விளங்கி, தொப்பியை முழங்காலில் வையுங்கள். இப்போது அதிகாரம் பிள்ளையின் கையில். இல்லை, அங்கை இல்லை, தலையிலை என்று அது சொல்லத் தொடங்கினால் ஐந்து நிமிடம் போவது தெரியாது. இங்கே பழகாதவர்கள் விடுகிற பிழை, பிள்ளை சிரித்தவுடன் அடுத்த வித்தைக்குத் தாவுவது. சிரித்த இடத்திலேயே நில்லுங்கள், அதே பிழையை இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு கட்டிலுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், பிள்ளை களைக்கும் முன் எழும்ப வேண்டும்.

வயதுக்கு வயது அணுகுமுறை மாறும். எட்டு மாதத்திலிருந்து மூன்று வயது வரையானவைதான் அதிகம் பயப்படும். அவற்றிடம் மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு போய், பிள்ளையை நேரே பார்க்காமல் தாயோடு விளையாடுங்கள். நாலு முதல் ஏழு வரை மேலே சொன்ன மாதிரி. எட்டுக்கு மேல் ஒரு வித்தையைக் கற்றுக்கொடுங்கள், அடுத்த முறை தாதிக்கு அது செய்து காட்டட்டும். பதின்மூன்று தாண்டியவருக்குக் குழந்தைக் குரலில் கதைத்தால் அவமானம். சீட்டுக் கட்டோடு போய்ச் சாதாரணமாகக் கதையுங்கள்.

ஊசி நேரத்தில் நிற்பது தனிப் பழக்கம், முதல் ஆறு மாதத்துக்கு அதற்குள் போகாதீர்கள். தாதி கூப்பிட்டால் மட்டும், ஊசிக்கு எதிர்ப்பக்கத்தில், பிள்ளை தாயின் மடியில் இருக்கும்போது, ஊசியை எடுக்கும் முன்பே தொடங்க வேண்டும். சவர்க்கார முட்டையை நீளமாக ஊதச் சொல்வது இங்கேதான் உதவும். பிள்ளையைப் பிடித்து அமத்துவதற்கு ஒருபோதும் கை கொடுக்காதீர்கள். ஒருமுறை பிடித்தால் அந்தப் பிள்ளைக்கு நீங்களும் மற்றவர்களில் ஒருவர்தான். "வலிக்காது" என்று பொய் சொல்லக்கூடாது. "ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ" என்பதும் வேண்டாம், அழுகிற பிள்ளைக்கு அழுவதற்கு உரிமை இருக்கிறது.

வவுனியா, மன்னார்ப் பக்கம் போனால் பக்கத்துக் கட்டிலில் சிங்களம் மட்டும் தெரிந்த பிள்ளை இருக்கலாம். பேச்சில்லாத விளையாட்டில் பாதியாவது பழகிவையுங்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பேச்சைப் போலி செய்து சிரிக்க வைக்க ஒருபோதும் முயலாதீர்கள். பிள்ளை உங்களிடம் அடி, பட்டினி, வீட்டில் யாரோ தொந்தரவு என்று ஏதும் சொன்னால், மேலே கேள்வி கேட்காமல், அன்றைக்கே பொறுப்புத் தாதியிடம் சொல்லுங்கள்; இரகசியம் காப்பதாகப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நோயைப் பற்றித் தாய் கேட்டால், நல்லாய் வரும் என்று நீங்கள் சொல்லக்கூடாது, டொக்டரிடம் கேட்க வழிகாட்டுங்கள்.

முதல் நாலு கிழமை மூக்கில்லாமல் போய் வாட்டில் சும்மா இருந்து பாருங்கள்: எத்தனை மணிக்கு மருந்து, எந்தக் கதவு சத்தம் போடும், எந்தத் தாதிக்கு வேலை கூட. அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு நாள், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இல்லாமல். "நாளைக்கும் வருவீங்களோ?" என்று பிள்ளை கேட்கும். வருகிற நாளை மட்டும் சொல்லுங்கள், சொன்ன நாளில் பஸ் இல்லாவிட்டாலும் போங்கள். பெரிய வருத்தமென்றால் அதற்குள் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மாற்றியிருப்பார்கள். கட்டில் வெறுமையாக இருந்தால் எல்லாருக்கும் முன்னால் விசாரிக்காமல் தாதியிடம் தனியாகக் கேளுங்கள். கிழமைக்கு ஒரு நாள் உங்களால் முடியாது, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் என்றால், வாட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கிளினிக் நாளில் வெளியே வாங்கில் காத்திருக்கிறவர்களிடம் போகலாம். காலையில் இருந்து தாயின் மடியில் கிடந்து களைத்த பிள்ளைகள் அங்கே நிறைய, கிருமிப் பயமும் ஒப்பீட்டில் குறைவு, போய்விட்டு வராவிட்டாலும் யாரும் உங்களை எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருக்கமாட்டார்கள்.